ஆறு கட்டங்கள்

அந்த அக்காவின் பெயரை இங்கே எழுதக் கை வரவில்லை. காரணம் போகப் போகத் தெரியும்.

அவரை நினைத்தால் முதலில் வருவது தூக்கிய கைதான். வகுப்பில் கை தூக்குகிறவர்கள் பொதுவாக முழங்கையை மேசையில் ஊன்றி இரண்டு விரலை மட்டும் காட்டுவார்கள். அக்கா அப்படியில்லை. ஓசூர் ரோட்டில் நிற்காமல் போகிற பஸ்ஸை மறிப்பது மாதிரி, பேனாவோடு சேர்த்து முழுக் கையையும் நீட்டுவார். "சார், எனக்குப் புரியலை."

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒரு பழைய கல்லூரியின் மாடியில் சனிக்கிழமைதோறும் நடந்த வகுப்பு அது. ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியவர்களுக்கான ஓராண்டுப் படிப்பு. வெளிநாட்டில் கால்நடை மருத்துவம் படிக்க வேண்டுமென்றால், முதலில் கையில் ஒரு பட்டம் இருக்க வேண்டும். அதில் உயிரியல், கரிம வேதியியல், உயிர்வேதியியல் எல்லாம் ஆய்வகப் பயிற்சியோடு இருந்திருக்க வேண்டும். இல்லாதவர்கள் தனியாகப் படித்து மதிப்பெண் காட்டினால்தான் விண்ணப்பத்தைத் திரும்பியே பார்ப்பார்கள். நான் குடியாத்தத்துக்காரி. பி.இ. கம்ப்யூட்டர் முடித்துவிட்டு எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருந்தேன். தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்று கேட்டால் விழித்திருப்பேன்.

அக்காவின் கதை வேறு. அவர் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்தவர். பத்து வருடத்துக்கு மேல் பழசான பாடங்களைப் பல கல்லூரிகள் ஏற்பதில்லை என்பதால் மறுபடி வந்து உட்கார்ந்திருந்தார். படித்ததையே படிக்க வந்தவர்தான் எங்கள் எல்லோரையும்விட அதிகமாகப் 'புரியலை' என்று சொன்னார்.

முதல் மாதம் ஒருநாள். வேதியியல் சார் பலகையில் வளைவு வளைவாக அம்புகள் போட்டு, எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று விளக்கிவிட்டு, "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்றார். பதினெட்டுத் தலைகள் ஆடின. என் தலையும் ஆடியது. அக்காவின் கை எழுந்தது.

"அந்த ரெண்டாவது அம்பு ஏன் அந்தப் பக்கம் போகுது சார்? கொத்தாகலில்லா."

சார் கன்னடக்காரர். அக்கா கன்னடத்தில் புரியவில்லை என்றதும் அவரும் கன்னடத்திலேயே விளக்கினார். "இப்போ?" என்றார். "இன்னும் இல்ல சார்." மறுபடி விளக்கினார். "பாதி புரிஞ்சுது சார். மீதியை வீட்டுல பார்க்கறேன்" என்று அக்கா உட்கார்ந்தார். வகுப்பில் பெருமூச்சுகள் எழுந்தன. இடைவேளையில் ஒரு பையன் அக்காவைப் போலவே கையை நீட்டி, குரலை மாற்றிக் 'கொத்தாகலில்லா' என்று நடித்துக் காட்டினான். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்த இரண்டாவது அம்பு எனக்கும் புரிந்திருக்கவில்லை.

வகுப்பு முடிந்து இருவரும் ஒரே திசையில் போக வேண்டியிருந்ததால்தான் பழக்கம் ஏற்பட்டது. மெஜஸ்டிக் வரை மெட்ரோ, அங்கிருந்து பஸ். நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் இறங்கி பி.ஜி. விடுதிக்கு நடப்பேன். அவர் பொம்மசந்திரா வரை போவார். அங்கே ஒரு மருந்துத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை. மாத்திரையை வெந்நீரில் போட்டு, எத்தனை நிமிடத்தில் கரைகிறது என்று பார்ப்பது. முப்பத்துநாலு வயது, கல்யாணம் ஆகவில்லை, அம்மாவோடு இருந்தார். தாத்தா காலத்திலேயே பெங்களூருக்கு வந்துவிட்ட குடும்பம். தமிழும் கன்னடமும் ஒரே வாக்கியத்துக்குள் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும்.

ஒருநாள் மெஜஸ்டிக்கில் ஒரு பெரியவர் எங்களிடம் வந்து, ஜிகணி போகிற பஸ் எந்த நடைமேடை என்று கேட்டார். நான் கையைக் காட்டி, "அந்தக் கோடிங்க" என்றேன். தெரிந்து சொல்லவில்லை. கேட்டால் ஏதாவது சொல்ல வேண்டும் என்று சொன்னேன். அக்கா என்னைப் பார்த்தார்.

"நீ அங்க ஜிகணி பஸ் நிக்கறதைப் பார்த்திருக்கியா?"

"இல்லக்கா. அந்தப் பக்கம்தான் இருக்கும்."

அவர் பெரியவரை நிற்கச் சொல்லிவிட்டுப் போய் ஒரு கண்டக்டரிடம் விசாரித்துத் திரும்பி வந்தார். நான் காட்டியதற்கு நேர் எதிர்த்திசை. பெரியவரை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதற்குள் எங்கள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் நின்றோம். அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் எரிச்சலாக இருந்தது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இத்தனை அலட்டலா என்று.

புதுக் குர்தா போட்டுக்கொண்டு வந்து, "நல்லா இருக்காக்கா?" என்று கேட்டால், "முன்னாடி நல்லா இருக்கு. பின்னாடி பார்க்கலை, திரும்பு" என்பார். சாம்பார் ருசியாக இருக்கிறதா என்று கேட்டால் இன்னொரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார். அவரோடு பேசும்போது சில சமயம் சிரிப்பாக வரும், சில சமயம் மூச்சு முட்டும். தொழிற்சாலையில் வேலை பார்த்துப் பார்த்து இப்படி ஆகிவிட்டீர்களா என்று ஒருமுறை கேட்டேன். "வேலைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா. பார்க்காம எழுதறவங்க எல்லா இடத்துலயும்தான் இருக்காங்க" என்றார்.

ஆய்வகத்தில் டைட்ரேஷன் செய்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறுகிற இடத்தில் அளவைக் குறிக்க வேண்டும். மூன்று தடவை செய்து, மூன்று அளவும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். எனக்கு இரண்டு தடவைக்கு மேல் பொறுமை இல்லை. மூன்றாவதை, முதலிரண்டுக்கும் நடுவில் ஒரு எண்ணாகப் பார்த்து எழுதிவிட்டேன். பத்துக்குப் பத்து. அக்காவின் பியூரெட் குழாயில் அடித் திருகு லேசாக ஒழுகியது. அவர் மூன்று வேறு வேறு அளவுகளை எழுதி, கீழே "திருகு ஒழுகுகிறது, மூன்றாவது அளவை நம்ப முடியாது" என்று குறிப்பும் எழுதி வைத்தார். பத்துக்கு ஆறு.

"ஆறுன்னா மொத்த மார்க்கு அடி வாங்கும்க்கா. விண்ணப்பத்துல எல்லாம் பார்ப்பாங்க. மாத்தி எழுதிடுங்க, யாருக்குத் தெரியப்போகுது" என்றேன்.

"ஆறு சரிதான். நான் அந்த அளவுக்குத்தான் செஞ்சேன்" என்று நோட்டை மூடிவிட்டார்.

ஏன் இந்தப் படிப்பு என்று வகுப்பில் ஒருநாள் ஆளாளுக்குச் சொன்னோம். பயிற்சி நேர்காணல் மாதிரி. நான் சிறுவயதிலிருந்தே விலங்குகள் மேல் கருணை என்று உருக்கமாகப் பேசினேன். உண்மையில் எனக்கு டெஸ்டிங் வேலை சலித்திருந்தது. வெளிநாடும் டாக்டர் என்கிற அழைப்பும் ஒன்றாகக் கிடைக்கிற வழியாக இது தெரிந்தது. அக்கா எழுந்து, "எனக்கு எல்லா நாயையும் பிடிக்கும்னு சொல்ல முடியாது. சிலது கடிக்குது" என்று ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கியதும், "ஆனா எங்க வலிக்குதுன்னு அதுக்குச் சொல்லத் தெரியாது. அதனால யாராவது பக்கத்துல உக்காந்து பார்க்கணும். நான் உக்காருவேன். அது எனக்கு முடியும்" என்றார். பதினெட்டு வயதில் கொஞ்சம் மதிப்பெண்ணில் கால்நடை மருத்துவ இடம் தவறியதையும், அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் இதைப் பற்றி நினைத்ததையும் எனக்குத் தனியாகச் சொன்னார். அங்கே சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லையாம்.

விண்ணப்பத்துக்கு மதிப்பெண் மட்டும் போதாது. விலங்குகளோடு எத்தனை மணிநேரம் வேலை செய்தோம் என்று கணக்குக் காட்ட வேண்டும், ஒரு கால்நடை மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதமும் வாங்க வேண்டும். அதற்காக இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பொம்மசந்திரா தாண்டி ஒரு கிளைச் சாலையில் இருந்த நாய்க் காப்பகத்துக்குப் போனோம். தெருநாய்களுக்கு அங்கே கருத்தடை அறுவை நடக்கும். ஐம்பது வயது டாக்டர் மேடம் ஒருவர்தான் எல்லாம். கடுமையானவர், நியாயமானவர். அக்கா தன் நோட்டில் மதியச் சாப்பாட்டு நேரத்தைக் கழித்து 'ஐந்து மணி இருபது நிமிடம்' என்று எழுதுவார். அதே நாளுக்கு நான் எட்டு மணிநேரம் எழுதுவேன்.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு. இரண்டு மணி வாக்கில், காதில் வெள்ளைத் திட்டு உள்ள ஒரு பழுப்புப் பெண் நாய்க்கு அறுவை முடிந்தது. மயக்கம் தெளிகிற வரை பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதன் ஈறு என்ன நிறத்தில் இருக்கிறது, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, உடம்புச் சூடு எவ்வளவு என்று பார்த்து ஒரு தாளில் கட்டம் கட்டமாக நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். நான்கு மணி வரை என் பொறுப்பு. அதற்குப் பிறகு அக்கா.

இரண்டேகாலுக்குப் பார்த்தேன். இரண்டரைக்குப் பார்த்தேன். ஈறு இளஞ்சிவப்பாக இருந்தது, மூச்சு இருபத்திரண்டு. பிறகு வாசல் படியில் போய் உட்கார்ந்து போனைத் திறந்தேன். விண்ணப்பக் கட்டுரை பாதியில் நின்றிருந்தது. ஓர் உயிருக்கு நீங்கள் பொறுப்பேற்ற தருணத்தை எழுதுங்கள் என்பது கேள்வி. எழுதினேன், அழித்தேன், அழகுபடுத்தினேன். ஒரு வரி நன்றாக வந்ததும் அடுத்த வரி, அதற்கடுத்த வரி. நிமிர்ந்து பார்த்தபோது மூன்று ஐம்பது.

பின்கட்டிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. தாளை எடுத்தேன். இரண்டே முக்கால், மூன்று, மூன்றேகால், மூன்றரை, மூன்றே முக்கால், நான்கு. ஆறு கட்டங்கள். ஆறையும் ஒரே மூச்சில் நிரப்பினேன். எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வருமென்று மூச்சை 22, 24, 22, 20 என்று மாற்றி மாற்றி எழுதினேன். நாய் இருந்த அறை எனக்குப் பின்னால் ஐந்தடி தூரத்தில் இருந்தது. எழுந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"எப்படி இருக்கு?" என்றார் அக்கா.

"நல்லா இருக்குக்கா. தூங்குது."

அவர் தாளை வாங்கிக் கடைசிக் கட்டத்தைப் பார்த்தார். அறைப் பக்கம் திரும்பினார். அந்த நேரத்தில் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. கால் நசுங்கிய குட்டி ஒன்றை யாரோ துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். டாக்டர் மேடம் உள்ளிருந்து, "யாராவது பிடிக்க வாங்க, சீக்கிரம்!" என்று கத்தினார். அக்கா கையிலிருந்த தாளை இன்னொருமுறை பார்த்தார். நான்கு மணி, ஈறு இளஞ்சிவப்பு, மூச்சு இருபத்திரண்டு, என் கையெழுத்து. அதை நம்பி ஓடினார். நான் பையை எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

நான் திரும்பி வந்தபோது மணி நான்கு நாற்பது. அறைக்குள்ளிருந்து அக்கா, "மேடம்! மேடம்!" என்று கூப்பிட்ட குரலை அதற்கு முன்பு நான் கேட்டதில்லை. நாயின் ஈறு சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. காதும் பாதமும் சில்லிட்டிருந்தன. மறுபடி மேசைக்குத் தூக்கிப் போய் வயிற்றைத் திறந்தார்கள். உள்ளே ரத்தக்குழாயில் போட்ட ஒரு கட்டு நழுவியிருந்தது. வயிறு முழுக்க ரத்தம்.

"நாப்பது நிமிஷத்துல இவ்ளோ எப்படி…" என்று டாக்டர் மேடம் ஆரம்பித்தார். பிறகு சுவரோரம் இருந்த தாளைத் திரும்பிப் பார்த்தார். பேச்சை நிறுத்திக்கொண்டார். கண்ணால் கண்டதை விட்டுவிட்டு என் தாளை நம்பினார். ஐந்தேகாலுக்கு நாய் செத்துப்போனது.

கை கழுவிவிட்டு வந்து எங்கள் இருவரையும் நிற்க வைத்தார்.

"நாலு மணிக்கு நல்லா இருந்திருக்கு. நாலேகாலுக்குப் பார்த்தீங்களா?"

"பார்க்கலை மேடம்" என்றார் அக்கா.

"நாலரைக்கு?"

"பார்க்கலை."

"நான்தான் கூப்பிட்டேன், சரி. நாய்கிட்ட ஆள் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? நான் இவளைக் கூப்பிட்டு உக்கார வெச்சிருப்பேனே?"

"சொல்லியிருக்கணும் மேடம். சொல்லலை."

ஒரு சாக்குக்கூட அவர் வாயிலிருந்து வரவில்லை. டாக்டர் மேடம் தாளை அக்காவிடம் நீட்டி என்னைக் காட்டினார். "இதோ, பாருங்க. சின்னப் பொண்ணு. ஒரு கட்டம்கூட விடலை."

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதெல்லாம் இல்லை. நன்றாக யோசித்தேன். கடிதத்தை நினைத்தேன். கடைசி நாளை நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவர்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அக்காவுக்கு அந்த வருடம் கடிதம் தர முடியாது என்று டாக்டர் மேடம் சொல்லிவிட்டார். எனக்குத் தந்தார். அதில் என்ன எழுதியிருக்கிறார் என்று அவரே சொன்னார்: "யாரும் பார்க்காதப்பவும் கவனமா இருக்கிறவள்னு எழுதியிருக்கேன்." நன்றி மேடம் என்றேன்.

அடுத்த சனிக்கிழமை, ஆய்வகத்தில் எல்லோரும் போன பிறகு அக்கா என் மேசைக்கு வந்தார்.

"மூணே முக்காலுக்கு ஈறு எந்தக் கலர்ல இருந்துச்சு?"

"பிங்க்தான்க்கா."

"நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"சரி. நீ பார்த்தேன்னா பார்த்திருப்ப."

சந்தேகத்தோடு கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் கேட்டது தன் தப்பை அளப்பதற்காக. பார்க்காமல் ஒருத்தி பார்த்தேன் என்று சொல்வாள் என்பது அவர் கணக்கிலேயே இல்லை. அன்று உயிரியல் வகுப்பில் மறுபடி அவர் கை எழுந்தது. பதினைந்து கிலோ எடையுள்ள நாயின் உடம்பில் எவ்வளவு ரத்தம் இருக்கும், ஒரு ரத்தக்குழாய் திறந்துகொண்டால் நிமிடத்துக்கு எவ்வளவு போகும் என்று கேட்டார். பதிலை எழுதிக்கொண்டு பஸ்ஸில் வரும்போது பெருக்கிப் பெருக்கிப் பார்த்தார். கணக்கு ஒத்துவரவில்லை. "எனக்குத்தான் எங்கேயோ தப்பு வருது. நாப்பது நிமிஷத்துல இவ்ளோ போகணும்னா நான் போன உடனேயே ஆரம்பிச்சிருக்கணும். நான் அறைக்குள்ள ஒரு எட்டு வெச்சிருந்தா போதும்" என்றார். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "விடுங்கக்கா" என்றேன். அவர் கையில் இருந்த தவறான எண்ணை அங்கே எழுதி வைத்தவள் நான்.

அதற்குப் பிறகும் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் காப்பகத்துக்குப் போனார். அறுவை முடிந்த நாய் பக்கத்தில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்க மாட்டார். மேடம் கூப்பிட்டாலும், "இங்க யாராவது வந்து உக்காந்தாதான் வருவேன்" என்று உள்ளிருந்தே பதில் சொல்வார். கடிதம் வாங்கியாகிவிட்டதால் நான் போவதை நிறுத்திவிட்டேன். நேரமில்லை என்று சொன்னேன்.

அவர் வேறொரு டாக்டரிடம் சில வாரங்கள் மட்டும் வேலை செய்து ஒரு கடிதம் வாங்கி விண்ணப்பித்தார். எல்லா இடத்திலும் மறுத்துவிட்டார்கள். எனக்கு ஓர் இடம் கிடைத்தது. செய்தி கேட்டு அக்கா ஒரு டப்பாவில் மைசூர்பாகு கொண்டுவந்தார். "நிஜமாவே சந்தோஷமா இருக்கு. கொஞ்சம் வருத்தமாவும் இருக்கு, எனக்குக் கிடைக்கலைன்னு. ரெண்டும்தான்" என்றார். அந்த டப்பாவை பி.ஜி.யில் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு துண்டுகூட வாயில் வைக்க முடியவில்லை.

கிளம்புவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு சாயங்காலம் தொழிற்சாலை வாசலில் போய் நின்றேன். ஷிஃப்ட் முடிந்து கூட்டமாக வெளியே வந்தார்கள். அக்கா என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வந்தார். கம்பெனி பஸ்கள் வரிசையாக உறுமிக்கொண்டு நின்றன. அந்தச் சத்தத்தில் நான் சொன்னது முதலில் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. "ரெண்டரைக்கு அப்புறம் நான் பார்க்கவே இல்லக்கா. ஆறு கட்டமும் ஒண்ணா எழுதினேன்."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் இடம் தெரியாமல் அங்கேயே இருந்தது. பிறகு போனது.

"ரெண்டரைக்கு அப்புறம்னா… நான் வர்றதுக்கு முன்னாடியே ஒண்ணரை மணிநேரம்."

"ஆமாக்கா."

"அப்போ கணக்கு சரியாத்தான் வருது" என்றார். வாய் தானாக முணுமுணுத்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். "எத்தனை மாசம்… எத்தனை மாசமா நான் அந்த நாப்பது நிமிஷத்தை… நீ என் பக்கத்து சீட்டுல உக்காந்துட்டு இருந்தியே! நான் பெருக்கிப் பெருக்கிப் பார்த்தப்போ நீ பக்கத்துலதானே இருந்த?"



அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மேடம்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லிடு. என் லெட்டருக்காக இல்ல. நாப்பது நிமிஷத்துல அவ்ளோ ரத்தம் போகும்னு அவங்க நினைச்சிட்டு இருக்காங்க. அது தப்பு. அடுத்த நாய்க்கு அதை வெச்சு ஏதாவது முடிவு பண்ணிடுவாங்க. நாளைக்கே சொல்லு."

"சொல்றேன்க்கா."

அவர் பஸ் ஏறினார். ஜன்னலோரம் இடம் இருந்தும் நடுவில் போய் உட்கார்ந்தார்.

நாளைக்கே சொல்லவில்லை. விசா முத்திரை குத்தி பாஸ்போர்ட் கைக்கு வரட்டும் என்று காத்திருந்தேன். பத்தொன்பது நாள். பாஸ்போர்ட் வந்த அன்று மத்தியானம் டாக்டர் மேடத்துக்கு போன் செய்தேன். நேரில் போகத் தைரியம் இல்லை. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "அந்த வயித்தைத் திறந்தப்பவே எனக்குத் தெரிஞ்சுது. பேப்பரைப் பார்த்துட்டு என் கண்ணை நான் நம்பலை" என்றார். பிறகு, "உன் லெட்டரை நான் திருப்பி வாங்கப்போறதில்லை. என் தப்பையும் சேர்த்து எழுதணும், எனக்கு அந்தத் தைரியம் இல்ல. இனிமே இங்க வராதே" என்று வைத்துவிட்டார். வெட்கத்தோடு கூடவே ஒரு நிம்மதியும் எனக்கு வந்தது. இதில் மிகவும் கேவலமானது அந்த நிம்மதிதான்.

அடுத்த வருடம் அக்கா மறுபடி விண்ணப்பித்தார். டாக்டர் மேடமே கடிதம் எழுதினார். நாலேகாலுக்கும் நாலரைக்கும் தான் பார்க்காததையும் அதில் எழுத வேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்தாராம். வகுப்பில் கூடப் படித்த ஒரு பெண் போனில் சொன்னாள். நேர்காணலில் அதைப் பற்றியே கால் மணிநேரம் கேட்டிருக்கிறார்கள். நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறார். என் பெயரை மட்டும் சொல்லவில்லையாம். இடம் கிடைத்துவிட்டது. நான் படிக்கும் ஊரிலிருந்து ரயிலில் நாலு மணிநேரத் தொலைவில் இப்போது முதலாண்டு படிக்கிறார். வகுப்பில் கை தூக்குகிறாரா என்று அந்தப் பெண்ணிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

போன மாதம், இந்தப் பக்கத்துக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் படிக்கும் நம் நாட்டு மாணவர்கள் எல்லோரும் ஒருநாள் கூடுவதாக அழைப்பு வந்தது. வருகிறவர்கள் பட்டியலில் அக்காவின் பெயர் மூன்றாவதாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு, அன்று எனக்கு மருத்துவமனையில் பணி இருக்கிறது, வர இயலாது என்று பதில் எழுதி அனுப்பினேன்.

அன்று எனக்குப் பணி எதுவும் இல்லை.